மாதவிலக்குக்கு முன் மார்பு வலி: உணவு மாற்றினால் குறையுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறது. தொட்டால் கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், ‘ஃபைப்ரோஅடினோசிஸ்தான், புற்றுநோய் இல்லை’ என்றார். காபியை நிறுத்தி ஆளி விதை சாப்பிட்டால் சரியாகுமா? ஈவினிங் ப்ரிம்ரோஸ் (ஒரு பூச்செடியின் விதை எண்ணெய்) மாத்திரை வாங்கலாமா?

பதில்: ஸ்கேனிலேயே தெளிவாகிவிட்டதால் பயத்தை விடுங்கள். ஃபைப்ரோஅடினோசிஸ் என்பது இதுதான்: மாதாமாதம் ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது மார்பகத் திசுக்கள் நீர் கோத்து வீங்கும். விலக்கு வந்ததும் வடியும். எந்த உணவும் கட்டியைக் கரைக்காது. வலியை ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கு ஆளி விதை முயன்று பார்க்கத் தக்கது. தினம் 25 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வலி குறைந்திருக்கிறது. ஆனால் பலர் முழு விதையாகவே விழுங்குகிறார்கள். மேல்தோல் செரிக்காமல் அது அப்படியே வெளியேறிவிடும். லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு ஜாரில் அப்பிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். முதல் வாரம் ஒரு டீஸ்பூன் போதும். மெல்லக் கூட்டி, மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் வரை போகலாம். மோரிலோ தோசை மாவிலோ கலக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் வயிறு உப்பும், மலம் இறுகும். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காபி மீதான சந்தேகம் 1970-களின் இறுதியில் கிளம்பியது. பின்னர் முறையாகச் செய்த ஆய்வுகள் அதைப் பெரிதாக ஆதரிக்கவில்லை. குறைத்துப் பார்க்க விரும்பினால் வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் படிப்படியாகக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் தலைவலி படுத்தும்.

ப்ரிம்ரோஸ் மாத்திரைக்குக் காசு செலவழிக்காதீர்கள். பிரிட்டனில் மார்பு வலிக்கான அதன் மருந்து உரிமம் 2002-லேயே விலக்கிக்கொள்ளப்பட்டது; மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலானது என்று நிரூபணமாகவில்லை.

எதைத் தொடங்கும் முன்பும், இரண்டு மாதம் தினசரி வலிக்குக் காலண்டரில் 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். இந்த வலி தானாகவே ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். கணக்கு இல்லாவிட்டால் பலன் விதையாலா, தற்செயலா என்று தெரியாது. உடம்புக்குச் சரியான அளவு பிரா பல நேரம் உணவைவிட அதிகம் உதவும். டாக்டரிடம் கேட்டு, வலி குறைக்கும் டைக்ளோஃபினாக் ஜெல்லும் தடவலாம்.

விலக்கு முடிந்தும் மறையாத தனிக் கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, காம்பு புதிதாக உள்வாங்குவது, தோலில் குழி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல் அந்த வாரமே மறுபடி காட்டுங்கள்.