ஃப்ளை ராடில் ரெட்ஃபிஷ்: கைக்கு முன்னால் கண் பழக வேண்டும்

கேள்வி: ஸ்பின்னிங் ராடில் (சாதாரணத் தூண்டில் கம்பு) ரெட்ஃபிஷ் என்னும் செம்பு நிறக் கடல்மீன் பிடித்துப் பழக்கம் உண்டு. இந்த வருடம் ஃப்ளை என்னும் இலேசான செயற்கை இரையை வீசும் ஃப்ளை ராடுக்கு மாறினேன். டெக்சஸ் கடலோரக் காயலான லகூனா மாட்ரேயில் கண்ணால் பார்த்து வீசலாம் என்று இறங்கினால், மீன் காலடிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. தெரிந்ததும் வீசினால் மிரண்டு ஓடிவிடுகிறது. என் வீச்சு போதவில்லையா?

பதில்:

வீச்சின் தூரம் உங்கள் பிரச்சினை இல்லை. டெக்சஸ் கடலோரத்தில் 70 அடி அநாயாசமாக வீசுகிறவர்கள் ஒரு மீன்கூடப் படாமல் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். 40 அடியைத் தாண்டாதவர்கள் நிதானமாக மீன் பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். முன்னவர்களுக்கு மீன் 20 அடியில் தெரிகிறது, பின்னவர்களுக்கு 60 அடியிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் இதுதான். தாமதமாகப் பார்ப்பதால் அவசரமாக வீசுகிறீர்கள். அவசரத்தில் உங்கள் கையும் ராடும் மீனின் தலைக்கு நேர் மேலே ஆடுகின்றன. முழங்கால் ஆழத் தண்ணீரில் அதைப் பார்த்த பிறகு எந்த மீன் நிற்கும்?

அதனால் பார்வையிலிருந்தே தொடங்குகிறேன். தண்ணீரின் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பளபளப்புதான் தெரியும். அடித்தரையைப் பாருங்கள். கடற்புல்லும், நடுவில் வெளுத்த மணல் திட்டும், திருக்கை கிளறிவிட்ட குழியும் எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரிகின்றனவோ, அதுதான் அன்றைக்கு உங்கள் எல்லை. அந்த எல்லைக்குள் பொறுமையாகக் கண்ணை ஓட்டுங்கள். முழு மீன் உருவம் தெரியட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலானவற்றைத் தவறவிடுவீர்கள். மணல்மேல் நிற்கும் மீன் வெளிறிப்போய்க் கிடக்கும், அதன் நிழல்தான் முதலில் தெரியும். புல்மேல் வந்தால் பச்சைக்கு நடுவே செம்பு நிறம் ஒன்று மெல்ல நகரும். சில நேரம் வால் ஓரத்து நீலம் மட்டும் ஒரு நொடி தெரிந்து மறையும். அவ்வளவுதான் கிடைக்கும் தகவல், அதை நம்பித்தான் வீச வேண்டும்.

வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்கப் பாருங்கள். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் தண்ணீருக்குள் நன்றாகத் தெரியும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இறங்கவே வேண்டாம். ஆழமில்லாத இடத்துக்குச் செம்பு அல்லது ஆம்பர் நிறக் கண்ணாடி சாம்பல் நிறத்தைவிட மேல். தொப்பி விளிம்பின் அடிப்பக்கம் கருமையாக இருந்தால் தண்ணீரிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணில் அடிக்காது. பெரிய வெள்ளை மேகம் வந்து நின்றால் அந்தப் பக்கத் தண்ணீர் முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிடும். அப்போது வேறு பக்கம் திரும்பி நடப்பதுதான் வழி.

அதிகாலையிலும் மேகமூட்டத்திலும் மீனைப் பார்க்க முடியாது, ஆனால் மீன் செய்வதைப் பார்க்கலாம். ரெட்ஃபிஷ் நீந்தும்போது தண்ணீரை ஒரு கனமான அம்பு முனை போலத் தள்ளிக்கொண்டு சீராகப் போகும். மடவைக் கூட்டமும் தண்ணீரைக் கலக்கும், ஆனால் அது படபடவென்று திசை மாறும், துள்ளவும் செய்யும். புதிதாக வருகிறவர்கள் பாதி நாளை மடவைக்கு வீசியே கழிப்பார்கள். லகூனாவின் தென்பகுதியில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. இரை தேடும் ரெட்ஃபிஷ் கூட்டத்தின் மேல் கடற்காகங்கள் தாழப் பறந்து, மீன் கிளப்பிவிடும் இறாலைக் கொத்தும். தூரத்தில் இரண்டு மூன்று பறவைகள் ஒரே இடத்தில் தாழ்வாக வட்டமிட்டால் நான் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே நடப்பேன்.

இப்போது ராடுக்கு வருவோம். ஸ்பின்னிங் ராடில் இரையின் எடைதான் நூலை இழுத்துப் போகிறது, மணிக்கட்டை ஒரு முறை சொடுக்கினால் போதும். ஃப்ளைக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். லைன் என்னும் தடித்த நூலின் எடைதான் அதைச் சுமந்து போக வேண்டும். அந்த லைன் ராட் நுனிக்கு வெளியே இருந்தால்தான் ராட் வளையும். மீனைப் பார்த்த பிறகு ரீலிலிருந்து லைனை உருவத் தொடங்கினால் கதை முடிந்தது. முன்கூட்டியே 40 அடி லைனை உருவி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 அடியும் லீடரும் (லைன் முனைக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் மெல்லிய நூல்) ராட் நுனிக்கு வெளியே தொங்கட்டும், ஃப்ளையின் முள் வளைவு இடது கை விரலில் இருக்கட்டும். படகில் நின்றால் செருப்பைக் கழற்றிவிடுங்கள். காலுக்கடியில் லைன் சிக்குவது வெறுங்காலுக்குத்தான் தெரியும். மீன் தெரிந்ததும் ஒரு முறை காற்றில் ஓட்டி, அடுத்ததில் விட்டுவிட வேண்டும். நான்கைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டுவது அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் மீன் திசை மாறியிருக்கும்.

வேண்டியவை: 8 வெயிட் (லைன் எடையைக் குறிக்கும் எண்) ராட், தலைப்பகுதி குட்டையாகவும் கனமாகவும் உள்ள மிதக்கும் லைன், 9 அடி லீடர், முனையில் 16 அல்லது 20 பவுண்டு நூல். நன்னீர் டிரவுட்டுக்கு என்று விற்கும் லைனை மட்டும் கொண்டுவராதீர்கள். டெக்சஸ் வெயிலில் அது குழைந்து வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பக் கடலுக்கென்று செய்த லைன் வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையைப் பற்றி எழுத முடியாது. வசந்த காலத்தில் மணிக்கு 20 மைல் வேகத்தில் தென்கிழக்குக் காற்று அடிப்பது இங்கே சாதாரண நாள். லகூனா மாட்ரேயில் நிலாவால் ஏறி இறங்கும் ஓதம் மிகக் குறைவு. தண்ணீர் மட்டத்தையே பெரும்பாலும் காற்றுதான் ஏற்றி இறக்குகிறது. அதனால் காற்றில்லாத நாளுக்காகக் காத்திருந்தால் மீன் பிடிக்கவே முடியாது. வலது கைக்காரருக்குக் காற்று வலப்பக்கமிருந்து வந்தால் முள் நேராகக் காதுக்கு வரும். அப்போது மீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சிலேயே ஃப்ளையை விட்டுவிடுங்கள். இதைப் பழகிக்கொண்டவருக்கு இங்கே பாதி வேலை குறைந்துவிடும். எதிர்க்காற்றில் பலத்தைக் கூட்டுவதால் பயனில்லை. லைனின் வளைவை ஒடுக்கமாக்கி, தண்ணீரை ஒட்டித் தாழ்வாக முடிக்க வேண்டும்.

அடுத்து, ஃப்ளை எங்கே விழ வேண்டும்? இதில்தான் ரெட்ஃபிஷ்ஷின் உடலமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் வாய் முகத்துக்குக் கீழே அமைந்தது. நண்டையும் இறாலையும் தரையிலிருந்து பொறுக்கித் தின்னும் வாய். தலையைச் சேற்றில் குத்தி, வால் தண்ணீருக்கு மேல் ஆட மேயும்போது அதற்கு மூக்கைச் சுற்றி ஓர் அடி வட்டம்தான் உலகம். அந்த வட்டத்துக்குள் ஃப்ளை விழாவிட்டால் அதற்கு ஃப்ளை வந்ததே தெரியாது. தலைமேலேயே விழுந்தாலோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடும். நகரும் மீனுக்கு மூன்று நான்கு அடி முன்னால், அதன் பாதைக்குச் சற்று அப்பால் போட்டு, பாதையின் குறுக்கே இழுத்து வர வேண்டும். ஃப்ளை ஒருபோதும் மீனை நோக்கி நீந்தக் கூடாது. தன்னைத் தின்ன வரும் வாயை நோக்கி எந்த நண்டும் ஓடாது, அப்படி ஓடிவரும் நண்டைக் கண்டால் ரெட்ஃபிஷ்ஷே பயந்து விலகும்.

எடையும் முக்கியம். க்ளவுசர் மின்னோ போன்ற ஈயக்கண் ஃப்ளை இரண்டடித் தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். பத்து அங்குலத் தண்ணீரில் அமைதியான காலையில் அதே ஃப்ளை கல் விழுந்த மாதிரி சத்தம் போடும். அங்கே மணிச்சங்கிலிக் கண் வைத்த சிறிய இறால் ஃப்ளையோ நண்டு ஃப்ளையோ போதும். புல்லில் மாட்டாதபடி முள்ளுக்கு முன்னால் காப்புநூல் கட்டியிருக்க வேண்டும்.

மீன் பின்தொடர்கிறது, வேகம் கூட்டுகிறது, வாயின் வெண்மை ஒரு கணம் தெரிகிறது. இந்த இடத்தில் ராடை மேலே தூக்கினால் கீழ்வாயிலிருந்து ஃப்ளை உருவிக்கொண்டு வந்துவிடும். ராட் நுனி தண்ணீரை நோக்கியே இருக்க, இடது கையால் லைனை நீளமாக இழுங்கள். கனம் தட்டிய பிறகு ராடைத் தூக்கலாம். இப்படி இழுத்துத் தவறினாலும் ஃப்ளை இரண்டடிதான் நகர்ந்திருக்கும், மீன் திரும்ப வந்து கவ்வ வாய்ப்பு உண்டு.

இடத்துக்கு இடம் சிரமம் மாறும். லூயிசியானாவில் ஹோப்டேல், வெனிஸ் பக்கம் குளிர்காலத்தில் வரும் பெருமீன்கள் 20, 30 பவுண்டு இருப்பது சாதாரணம், ஃப்ளையையும் அதிகம் சந்தேகிக்காது. ஆனால் தண்ணீர் கலங்கல், மீன் தெரிவதே 20 அடியில்தான். அங்கே ராடுக்கு வெளியே மிகக் குறைந்த லைனை வைத்தே வீசத் தெரிய வேண்டும். தென் கரோலினாவிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நாணல் காடு போன்ற சதுப்புப்புல் மூழ்கும். ரெட்ஃபிஷ் அதற்குள் நண்டு தின்ன நுழையும். கைக்கு எட்டும் தூரத்தில் வால் ஆடும், ஃப்ளை போட ஒரு கையகல இடைவெளிதான் இருக்கும். நீங்கள் லகூனாவில் பழகுவது நல்லது. தண்ணீர் தெளிவு, கால் ஊன்றி நடக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இது நம் ஊர்க் கத்தாளையின் குடும்பத்து மீன். கத்தாளையைப் போலவே வயிற்றுக்குள்ளிருந்து உறுமும், முள்ளை எடுக்கும்போது கையில் அந்த அதிர்வு தெரியும். 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் ப்ரூடோமின் கருக்கிய ரெட்ஃபிஷ் அமெரிக்கா முழுவதும் பரவ, மெக்சிகோ வளைகுடாவில் பெருமீன்களைச் சுருக்குவலை போட்டு அள்ளினார்கள். டெக்சஸ் 1981-லேயே தன் ரெட்ஃபிஷ்ஷை வணிகத்துக்கு விற்பதைத் தடை செய்தது. பிறகு அரசே குஞ்சு பொரித்துக் கோடிக்கணக்கில் விட்டது. இன்று டெக்சஸில் 20 முதல் 28 அங்குலம் வரை உள்ள மீனில் நாளைக்கு மூன்றுதான் எடுக்கலாம். லூயிசியானா 2024-ல் 27 அங்குலத்துக்கு மேற்பட்டதை எடுத்துச் செல்லக் கூடாது என்று ஆக்கியது. லகூனாவில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் இளமீன்கள். மூன்று நான்கு வயதில் வளைகுடாவுக்குப் போய் இனம் பெருக்க வேண்டியவை. கோடையில் சூடான தண்ணீரில் நீண்ட நேரம் விளையாடவிடாமல் சீக்கிரம் கரைசேர்த்து, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை பிடித்திருங்கள்.

இனி பயிற்சி. வீட்டருகே உள்ள மைதானத்தில் 25, 35, 45 அடியில் மூன்று தட்டுகளை வையுங்கள். ஃப்ளையைக் கையில் பிடித்து நில்லுங்கள். யாராவது ஒரு தட்டைச் சொன்னதும் நான்கு நொடிக்குள், காற்றில் ஓட்டும் ஒரே ஒரு வெறும் வீச்சோடு, அதன் பக்கத்தில் போட வேண்டும். காற்று முகத்தில் அடிக்க ஒரு நாள், வலத்தில் அடிக்க ஒரு நாள், பின்வீச்சில் மட்டும் ஒரு நாள். அக்டோபரில் ஒரு வழிகாட்டியோடு கழி ஊன்றித் தள்ளும் ஸ்கிஃப் படகில் போய்ப் பாருங்கள். படகின் முனை 12 மணி, வலது 3, இடது 9. அவர் “10 மணி, 40 அடி” என்றதும் வீசிவிடாமல் முதலில் ராடால் அந்தத் திசையைச் சுட்டிக்காட்டுங்கள். “இன்னும் இடப்பக்கம், அங்கேதான்” என்று அவர் சொல்லி, உங்களுக்கும் அந்தச் செம்பு நிறம் தெரிந்த பிறகு வீசுங்கள்.