கடன் எடுத்து நீச்சல் குளம் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் நான்கு அறைகளோடு விடுதி நடத்துகிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் பூட்டி வைத்திருந்தேன், இப்போது ஓரளவு ஓடுகிறது. வங்கிக் கடனில் இன்னும் நான்கு அறையும் ஒரு நீச்சல் குளமும் போட எண்ணம். மனைவி வேண்டாம் என்கிறார். இன்னொரு நெருக்கடி வந்தால் தாங்குமா?
– முள்ளியவளை வாசகர்

பதில்: நான் உங்கள் மனைவியின் பக்கம். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டே ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதற்குப் பின்னால் கொரோனா, 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை, சரி இனி நிமிரலாம் என்று பார்த்தால் பெற்றோல் வரிசை. ஆள் வராமல் போவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் வரும், ஆனால் கடன் தவணை மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒருவர்கூட வராத மாதத்தில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதைப் போல ஆறு மடங்கு வங்கியில் கிடந்தால் அறை கட்டுவதைப் பற்றிப் பேசலாம். குளத்துக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மோட்டார் ஓட வேண்டும், குளோரின் போட வேண்டும் (கடல் கூப்பிடு தூரத்தில்தானே!). அந்தக் காசில் சோலார் போடுங்கள். 13 மணி நேர மின்வெட்டு மறந்துவிட்டதா? எரிவாயு இல்லாத நாளில் விறகடுப்பு இருந்தவர்தான் விருந்தினருக்குச் சோறு போட்டார், அதையும் இடித்துவிடாதீர்கள்.

அப்புறம், உங்களுக்கு வாடிக்கை ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடா, லண்டனிலிருந்து வரும் நம் சனமும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருபவர்களும்தான். வெளிநாட்டிலிருந்து பல மாதம் முன்னரே பதிவு செய்பவர்களிடம் முற்பணம் வாங்குங்கள், விலைவாசி ஏறினால் கட்டணமும் மாறும் என்று வாட்ஸப்பில் எழுதியே அனுப்புங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சுற்றில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பழைய ரூபாய்க் கணக்கில் அறை கொடுத்தவர் புதிய விலைக்குத்தான் மீனும் அரிசியும் வாங்கினார்.

சமையற்காரரை மட்டும் விட்டுவிடாதீர்கள். சம்பளத்தைப் பேசிக் குறைத்தாவது வைத்திருங்கள். கட்டார் போனவர் திரும்ப மாட்டார்.

கேள்வி: லீசிங்கில் எடுத்த வான் ஓட்டுகிறேன், கட்டுநாயக்க விமான நிலைய ஓட்டம்தான் வருமானம். மறுபடி எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை தொடங்கியபோது வானுக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்றால் 200, கட்டுநாயக்கவுக்கு ஒருவழிக்கே காணாது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளோ கிளினிக் போகிறவர்களோ, ஊருக்குள்ளேயே ஒரு நிரந்தர ஓட்டத்தை இப்போதே பிடித்து வையுங்கள். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே நிறுவனத்துக்குப் போய் மறுசீரமைப்புக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். வாகனத்தைத் தூக்கிய பிறகு பேச்சு எடுபடாது.

கேள்வி: நெருக்கடியில் அறை வாடகையைப் பாதியாக்கினால் ஆள் வருமா?
– வவுனியா வாசகர்

பதில்: டீசல் இல்லாமல் வீட்டில் இருப்பவர் அறை மலிவு என்பதற்காக வருவாரா? வாடகையில் கைவைக்காமல் காலைச் சாப்பாட்டைச் சேர்த்துக் கொடுங்கள். ஒருமுறை பாதி விலைக்குத் தங்கியவரிடம் பிறகு முழு விலை வாங்குவது பெரும்பாடு.