ஹெய்செய் 31-இல் பிறந்த குழந்தை

கேள்வி: என் மகள் ஜப்பானில் பிறந்தவள். பிறப்புச் சான்றில் 'ஹெய்செய் 31, ஏப்ரல் 12' என்று இருக்கிறது. 2019 என்றால் 'ரெய்வா 1' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சான்றைத் திருத்தி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், சான்று சரிதான். ஜப்பானில் ஒவ்வொரு பேரரசரின் காலத்துக்கும் ஒரு பெயர் வைத்து, அதில் எத்தனையாவது ஆண்டு என்று எண்ணுவார்கள். அன்றைக்கு அரியணையில் இருந்தவர் அகிஹிட்டோ, அவருடைய காலம் ஹெய்செய். அவர் பதவி விலகியது அதே மாதம் 30-ஆம் தேதி. மே 1 முதல், மகன் நருஹிட்டோவின் ரெய்வா. அதனால் 2019-க்கு இரண்டு பெயர்.

கணக்கு சுலபம். ஹெய்செய் ஆண்டோடு 1988-ஐக் கூட்டுங்கள். ரெய்வா என்றால் 2018, ஹெய்செய்க்கு முந்தைய ஷோவா என்றால் 1925. அகிஹிட்டோ சென்னைக்கு வந்தது 2013 டிசம்பரில், அதாவது ஹெய்செய் 25. முதல் ஆண்டை மட்டும் '1' என்று போடாமல் 'கன்னென்' என்று எழுதும் வழக்கமும் உண்டு. வீட்டில் ஐந்து யென் நாணயம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்: நடுவில் ஓட்டை, ஆண்டு முழுக்க ஜப்பானிய எழுத்தில், ஒரு எண்கூட இருக்காது.

பொதுவாகப் பேரரசர் இறந்தால்தான் ஆண்டின் பெயர் மாறும். 1989 ஜனவரி 7-இல் அகிஹிட்டோவின் அப்பா ஹிரோஹிட்டோ இறந்தார். ஷோவா 64 ஏழே நாளில் முடிந்தது. மறுநாள் ஹெய்செய் 1. 2019-இல் அப்படி நடக்கவில்லை, உங்கள் குழப்பத்துக்குக் காரணமும் அதுதான்.

1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின்படி பேரரசர் நாட்டின் அடையாளச் சின்னம் மட்டுமே. ஆட்சி அதிகாரம் கிடையாது. அந்த வெறும் 'சின்னம்' என்ற சொல்லுக்கு அகிஹிட்டோ உருவம் கொடுத்தார் என்றுதான் நான் சொல்வேன். 1991-இல் உன்சென் எரிமலை சீறியபோது, முகாமாக இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், தரையில் மண்டியிட்டு மக்களோடு பேசினார். அவருடைய அப்பாவைக் கடவுளாக வணங்கிய தலைமுறை அப்போதும் உயிரோடு இருந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். அவர் நிறுத்தவில்லை, 2011 சுனாமிக்குப் பிறகும் அப்படியே போனார்.

வயது 80-ஐத் தாண்டியதும் இதெல்லாம் முடியாமல் போனது. ஆனால் 'விலகுகிறேன்' என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் அதுவே அரசியலாகிவிடும். 2016 ஆகஸ்ட் 8-இல் தொலைக்காட்சியில் பேசியபோது அந்தச் சொல்லையே தொடாமல், உடல் தளர்கிறது, கடமையை முன்போல் செய்ய முடியாமல் போகலாம் என்று மட்டும் சொன்னார். மக்களுக்குப் புரிந்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் அவருக்கென்றே தனிச்சட்டம் போட்டது. 1817-க்குப் பிறகு உயிரோடு இருக்கும்போதே அரியணை துறந்த முதல் பேரரசர் அவர்தான்.

அப்புறம், பழைய ஓட்டுநர் உரிமத்தில் 'ஹெய்செய் 35 வரை' என்று இருந்தாலும் திகைக்காதீர்கள். அப்படி ஓர் ஆண்டு வரவே இல்லை. ஆனால் உரிமம் 2023 வரை செல்லுபடியானது என்றே அதற்குப் பொருள். பள்ளி, பாஸ்போர்ட் விண்ணப்பங்களில் 12-04-2019 என்று எழுதுங்கள். சான்றை மொழிபெயர்ப்பவர் 'ரெய்வா 1' என்று தானாகத் திருத்திவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.