சுமத்துவதெல்லாம் சிலுவை ஆகுமா?

அன்புள்ள அம்மா,

திருமணமாகிப் பதினோரு வருடங்கள். கணவர் குடித்துவிட்டு வரும் இரவுகளில் அடி விழும். கோடையிலும் முழுக்கை ரவிக்கை போட்டுத்தான் ஆராதனைக்குப் போகிறேன். என் அம்மாவிடம் அழுதால், "இது கர்த்தர் உனக்குத் தந்த சிலுவை, பொறுமையாய்ச் சுமந்துகொள்" என்கிறார். சபையிலும் அதே பேச்சுதான். போன வாரம் என் எட்டு வயது மகள், "அம்மா, அப்பாதான் உன் சிலுவையா?" என்று கேட்டாள். எனக்கு வாய் எழவில்லை. வீட்டை விட்டு வெளியேறினால் விசுவாசத்தை விட்டவள் ஆவேனா?

— நாகர்கோவில் வாசகி

அன்புச் சகோதரி,

ஆகமாட்டீர்கள்.

மாற்கு 8:34-ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். பின்னே வர விரும்புகிறவன் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரட்டும் என்கிறார் இயேசு. விரும்புகிறவன், தானே எடுக்கிறான். அடுத்த வசனமே அது தம்மினிமித்தமும் சுவிசேஷத்தினிமித்தமும் என்று சொல்லிவிடுகிறது. அன்றைக்குச் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் கொடுத்த மரண தண்டனை. கேட்டவர்களுக்கு அது விசுவாசத்துக்காகச் சாகத் துணிவதாகத்தான் விளங்கியிருக்கும். குடிகாரனின் கை நினைவுக்கு வந்திருக்காது. சுவிசேஷங்களில் இன்னொருவர் தோளில் பலவந்தமாகச் சிலுவையைச் சுமத்துகிறவர்களும் உண்டு. சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்த ரோமப் போர்ச்சேவகர்கள் அவர்கள்.

சிலுவையைப் பற்றி அத்தனை எழுதிய பவுலை வாரினால் அடிக்கக் கட்டியபோது என்ன செய்தார்? விசாரிக்காமல் ரோமக் குடிமகனை அடிக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). சட்டத்தைச் சொல்லி அடியைத் தடுத்தார்.

தீராத நோயிலும் மரணத் துக்கத்திலும் 'இது உன் சிலுவை' என்ற சொல் பலரைத் தாங்கியிருக்கிறது. உங்கள் அம்மாவும் ஏதோ ஒரு காலத்தை இதைப் பிடித்துக்கொண்டே கடந்திருக்கலாம். அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் அடி, நிறுத்தக்கூடிய துன்பம்.

181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம்; அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆதார் அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமான ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். கணவரிடம் இதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். காயம் பட்டால் மருத்துவரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லாதீர்கள்.

மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். இன்றிரவு தலை வாரிவிடும்போது சொல்லுங்கள்: "இல்லை கண்ணு. அப்பா அடிப்பது தப்பு. அதை நிறுத்த அம்மா உதவி கேட்கப் போகிறேன்."