கேஷுவல் என்றால் எவ்வளவு கேஷுவல்?

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை ‘பிசினஸ் கேஷுவல்’, வெள்ளிக்கிழமை ‘கேஷுவல்’, அடுத்த வாரம் டீம் டின்னருக்கு ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று மெயில் வந்திருக்கிறது. மேனேஜர் வீட்டு கிரகப்பிரவேசம் வேறு வருகிறது. என்னிடம் இருப்பது இன்டர்வியூவுக்குத் தைத்த கறுப்பு பேன்ட், இரண்டு ஜீன்ஸ், சில சட்டைகள், டி-ஷர்ட்டுகள். முதல் சம்பளம் இன்னும் வரவில்லை!
- வாசகர், பெருங்குடி

பதில்: தம்பி, பெயர்களை விடுங்கள். காலர் இருக்கிறதா, துணி சட்டைபோல நெய்ததா, டி-ஷர்ட்போலப் பின்னியதா, காலில் என்ன? டெய்லர் கண்ணுக்கு இந்த மூன்றுதான்.

பிசினஸ் கேஷுவலில் கோட்டும் டையும் வேண்டாம், சலுகை அவ்வளவுதான். காலர் வைத்த சட்டையை டக்-இன் செய்து, பெல்ட், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் வந்ததும் சினோஸ் என்கிற காட்டன் பேன்ட் இரண்டு வாங்குங்கள்: ஒன்று காக்கி, ஒன்று நேவி ப்ளூ. இருக்கிற சட்டைகள் எல்லாவற்றுக்கும் சேரும். அதுவரை கறுப்பு பேன்ட்டே ஓடட்டும். பிறகு கிளையன்ட் வரும் நாளுக்கு ஆகும்.

ஸ்மார்ட் கேஷுவலில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜீன்ஸ் போடலாம், கருநீலமாக, வெளுப்பும் கிழிசலும் இல்லாமல் இருக்க வேண்டும். மேலே காலர் டி-ஷர்ட் அல்லது லினன் சட்டை. சட்டையை வெளியே விடலாமா என்பதை அதன் கீழ் விளிம்பே சொல்லிவிடும். பக்கங்களில் மேலேறி, முன்னும் பின்னும் வளைந்து இறங்கினால் அது டக்-இன் செய்வதற்காக வெட்டியது. உட்கார்ந்து எழுந்தாலும் பிதுங்கி வராமல் இருக்கத்தான் அந்த நீளம். விளிம்பு நேராக இருந்தால் தாராளமாக வெளியே விடுங்கள். ஜிப்பில் பாதி வரை வந்தால் போதும். அதற்கும் கீழே தொங்கினால் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து வெட்டி மடித்து அடிக்கச் சொல்லுங்கள். பாண்டி பஜாரில் நான் கடை வைத்திருந்தபோது ரெடிமேட் சட்டைகளுக்கு அதிகம் செய்த வேலை இதுதான்.

வெள்ளிக்கிழமை ரவுண்ட் நெக்கும் சரி. ஷார்ட்ஸும் ஹவாய் செருப்பும் வேண்டாம். இத்தனைக்கும் இந்த வெள்ளிக்கிழமை வழக்கமே ஹவாயிலிருந்து வந்ததுதான்! 1960களில் அங்கிருந்த ஆடை வியாபாரிகள், வாரக் கடைசியில் ஆபீஸுக்குப் பூப்போட்ட அலோஹா சட்டை போடலாம் என்று கம்பெனிகளைச் சம்மதிக்க வைத்தார்கள். 1992இல் ஜீன்ஸ் கம்பெனியான லீவைஸ், டாக்கர்ஸ் என்ற தன் பிராண்ட் பேன்ட்டை விற்பதற்காக, ஆபீஸுக்கு கேஷுவலாக உடுத்துவது எப்படி என்று ஒரு கையேடு அச்சடித்து அமெரிக்க எச்.ஆர். மேனேஜர்களுக்கு அனுப்பியது. உங்களுக்கு வந்த மெயிலின் தாத்தா அது.

கிரகப்பிரவேசத்துக்கு எட்டு முழ வேட்டி, வெளிர் நிறச் சட்டை. இடுப்பில் நிற்காது என்ற பயமிருந்தால் ஒட்டிக்கோ வேட்டி வாங்குங்கள், யாருக்கும் தெரியாது. கறுப்புச் சட்டை வேண்டாம்; பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். லேஸ் ஷூவும் வேண்டாம். வாசலில் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் வருகிறவர்கள் தாம்பூலத் தட்டோடு நிற்பார்கள்.

கேள்வி: தனியார் வங்கியில் வேலை. குர்த்தியும் லெக்கிங்ஸும் ‘பிசினஸ் கேஷுவல்’ ஆகுமா?
- வாசகி, மதுரை

பதில்: குர்த்தி ஆகும், லெக்கிங்ஸ் ஆகாது. லெக்கிங்ஸ் பின்னல் துணி, டி-ஷர்ட்டின் உறவு. அதே குர்த்திக்கு நெய்த காட்டனில் ஸ்ட்ரெய்ட் பேன்ட் போடுங்கள், ஒரு படி ஏறிவிடும். துப்பட்டா உங்கள் கிளையின் வழக்கப்படி. அரசு அலுவலகம் என்றால் கறார்தான்: 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவு, பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்று வரையறுத்தது. ஆண்களுக்கு பேன்ட் சட்டையோடு வேட்டியும் உண்டு, டி-ஷர்ட் கிடையாது.

கேள்வி: கிளப்பில் நடக்கும் பார்ட்டிக்கு வேட்டியில் போனால் தடுப்பார்களா?
- வாசகர், கோவை

பதில்: தமிழ்நாட்டில் தடுக்க முடியாது. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டசபையில் சட்டம் வந்துவிட்டது. மீறும் கிளப்பின் லைசென்ஸே போகும். நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போங்கள்.