மைக்குக்கு இருபுறமும் ஒரு காதல்

கேள்வி: ‘ரேடியோ நாடகத்தை வைத்து அருமையான காதல் நகைச்சுவைப் படம் ஒன்று உண்டு’ என்று போன இதழில் ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். எந்தப் படம்? என்ன கதை?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: ‘ட்யூன் இன் டுமாரோ’. 1990-ல் வந்தது. இயக்கியவர் ஜான் ஏமியல். கதை நடப்பது 1951-ல், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில். அங்கே ஒரு ரேடியோ நிலையத்தில் மார்ட்டின் என்ற பையன் செய்தி எழுதிக்கொடுக்கிறான். பெரிய எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசை. கியானு ரீவ்ஸ் நடித்திருக்கிறார். வெகுளியான, எதையும் மறைக்கத் தெரியாத முகம் அப்போது அவருக்கு.

அந்த ஊருக்கு இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள். ஒருத்தி ஜூலியா, பார்பரா ஹெர்ஷி. மார்ட்டினுக்கு அத்தை முறை, விவாகரத்தானவள், அவனைவிட நன்றாக மூத்தவள், வசதியான மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாள். இன்னொருவர் பெட்ரோ கார்மைக்கேல், ரேடியோ நாடகம் எழுதுகிறவர். ‘கொலம்போ’ துப்பறியும் தொடரில் கசங்கிய மழைக்கோட்டோடு வருவாரே பீட்டர் ஃபால்க், அவர்தான். நிலையத்துக்குக் கேட்பவர்களைக் கூட்டித்தர வேண்டும் என்று அழைத்துவருகிறார்கள். அவர் ஒரு தொடர் நாடகம் ஆரம்பிக்கிறார், ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுகிறது.

மார்ட்டின் ஜூலியாவிடம் மயங்கிப்போய், தன் தவிப்பையெல்லாம் குருவாக நினைக்கும் பெட்ரோவிடம் கொட்டுகிறான். அவன் அவளிடம் பேசியது, அவள் அவனைத் திட்டியது எல்லாம் நாடகத்தில் வசனமாக வர ஆரம்பிக்கிறது. ஊர் முழுக்கக் கேட்கிறது, ஜூலியாவும் கேட்கிறாள். மிச்சத்தைப் படத்தில் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ரேடியோவில் நாடகம் ஓடும்போது ஸ்டுடியோவில் காகிதத்தோடு நிற்கும் நடிகர்களை மட்டும் காட்டாமல், அந்த நாடகக் கதையையே தனிப் படமாக எடுத்து நடுவே கோத்திருக்கிறார் ஏமியல். பெரிய பெரிய மாளிகைகள், கண்ணைப் பறிக்கும் உடைகள், தாங்க முடியாத கண்ணீர். கேட்கிறவர்களின் மனசுக்குள் என்ன ஓடுகிறதோ அதையே திரையில் ஓட்டுகிறார். ரேடியோ நாடகத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கேள்வி: படம் பார்த்தேன். அத்தை முறையாகிறவளைக் காதலிப்பதை எப்படி ரசிக்கச் சொல்கிறீர்கள்?
(வாசகர், மதுரை)

பதில்: இரத்த உறவு இல்லை ஐயா, கல்யாண வழியில் வந்த உறவு. இந்தப் படத்துக்கு மூலம் பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசா 1977-ல் வெளியிட்ட நாவல். அவர் வாழ்க்கையில் நடந்ததுதான். ஹூலியா உர்க்கிதி என்ற பொலிவியப் பெண், அவருடைய தாய்மாமன் மனைவியின் உடன்பிறப்பு. 1955-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது அவருக்கு 19, ஹூலியாவுக்கு 29. குடும்பத்தில் பூகம்பம். நாவலில் இந்தக் கல்யாணக் கட்டம் படு விறுவிறுப்பு. 21 வயது ஆகாத பையன் பெற்றோர் சம்மதமில்லாமல் கட்ட முடியாது என்பதால், அதைக் கண்டுகொள்ளாமல் கல்யாணம் செய்துவைக்கும் ஒரு மேயரைத் தேடி ஜோடி ஊர் ஊராக அலையும். உங்களுக்கு உறுத்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஜூலியா பாத்திரத்தைக் கவனியுங்கள். உலகம் பார்த்தவள், எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தே ஒவ்வொரு அடியும் வைக்கிறாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

கேள்வி: முகமே தெரியாத ரேடியோவில் காதல் காட்சி எப்படி நடித்தார்கள்? நீங்கள் திருச்சி வானொலியில் நாடகங்களில் நடித்தவர் என்று அம்மா சொன்னார். கொஞ்சம் விளக்குங்களேன்.
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் கண்ணு.

அந்தக் காலத்து அமெரிக்க ஸ்டுடியோக்களில் ஆர்.சி.ஏ. 44 என்று ஒரு ரிப்பன் மைக் புகழ்பெற்றது. உள்ளே மெல்லிய உலோக நாடா ஒன்று தொங்கும். முன்னால் பேசினாலும் பின்னால் பேசினாலும் அது ஒரே மாதிரி வாங்கும், பக்கவாட்டில் பேசினால் அதற்குக் காது கேட்காது. அதனால் காதலனும் காதலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. மைக்கை நடுவில் வைத்து நேருக்கு நேர் நிற்க வேண்டும். நானும் அப்படி இருபுறமும் வாங்குகிற மைக்கில்தான் பழகினேன்.

ஆனால் நேருக்கு நேர் நின்றாலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, கண் காகிதத்தில் இருக்கும். அப்புறம் எது காதலைக் காட்டும்? மூச்சுதான். வரிக்கு முன்னால் இழுக்கிற மூச்சிலேயே தயக்கம் தெரிந்துவிடும். ரகசியம் பேச மைக்குக்கு ஒரு சாண் கிட்டே வருவோம். கோபித்துக்கொண்டு போகிறவள் பேசிக்கொண்டே முகத்தைத் திருப்பி இரண்டடி பின்வாங்குவாள், கேட்பவருக்கு அவள் வாசலைத் தாண்டிவிட்டது போல இருக்கும். வெளிநாட்டு நாடகங்களில் முத்தம் என்றால் நடிகை தன் புறங்கையைத்தான் முத்தமிடுவாள். நம் நாடகங்களில் அதெல்லாம் ஏது? எங்களுக்கு வளையல். ஒலிப்பதிவுக்குப் பட்டுப்புடவை கட்டிப் போகக் கூடாது, சரசரக்கும். கண்ணாடி வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் நிற்போம். கதாநாயகி வெட்கப்பட வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வளையலை எடுத்துக் கையில் மாட்டி ஒரு தடவை அசைக்க வேண்டும். அது ஒன்று போதும். கேட்கிறவள் தானே முகத்தை வரைந்துகொள்வாள்.

இன்னொன்று. எனக்குக் காதலனாக நடித்தவர் ஒரு வங்கியில் குமாஸ்தா, பேரன் எடுத்தவர், முன்பல் ஒன்று கிடையாது. குரலோ இருபத்தைந்து வயசுப் பிள்ளையின் குரல்! அவர் “கோமதி” என்று கூப்பிட்டால் எனக்கே உடம்பு சிலிர்க்கும். யோசாவின் நாவலிலும் இது உண்டு. ரேடியோவில் கிறங்கடிக்கும் குரல்களுக்குச் சொந்தக்காரர்கள் நேரில் வயதாகி, வதங்கிப்போய் இருப்பார்கள். அவர்களைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களை நான் கண் கலங்காமல் படித்ததில்லை.

கேள்வி: நான் சிறுகதை எழுதுகிறேன். அக்கா வீட்டுச் சண்டை ஒன்றைக் கதையில் வைத்தேன். அச்சில் பார்த்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. படத்தில் பெட்ரோ செய்ததும் இதுதானே? அவர் செய்தது தப்பா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் கேட்டிருப்பதுதான் அந்தப் படத்தின் உயிர்நாடி.

பெட்ரோவுக்கு மனசில் கெடுதல் இல்லை. வாழ்க்கையில் நடப்பதெல்லாம் தன் நாடகத்துக்காகவே நடக்கிறது என்று நம்புகிற ஆள். வேஷம் போட்டுப் பார்த்துப் பாத்திரமாகவே மாறி எழுதுவார். மார்ட்டின் உளறிய காதலை அவர் எழுதியபோது அது மார்ட்டின் பேசியதைவிட அழகாக வந்தது, அதையும் மறுக்க முடியாது. மார்ட்டினாவது அவர் சிஷ்யன், தானே வந்து சொன்னவன். ஜூலியா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவள் ஒருவனிடம் மட்டும் பேசியதை ஊரே கேட்டது. அவள் கோபப்படும் காட்சியில் நான் முழுக்க அவள் பக்கம்.

நிஜ ஹூலியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். கல்யாணம் 1964-ல் முறிந்துவிட்டது. நாவல் வந்தபோது அதை அவருக்கே காணிக்கையாக்கினார் யோசா, தானும் இந்த நாவலும் அவருக்கு நிறையக் கடன்பட்டிருப்பதாக. அத்தோடு கணக்குத் தீர்ந்ததா? இல்லை. கதை கொலம்பியாவில் டிவி தொடராகவும் ஆனது. 1983-ல் அந்த அம்மாள் தானே ஒரு புத்தகம் எழுதினார். ‘வர்கித்தாஸ் சொல்லாதவை’ என்பது போலத் தலைப்பு. வர்கித்தாஸ் என்பது நாவலில் யோசா தனக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயர். கூட வாழ்ந்த வருஷங்களைத் தன் வாயால் சொன்னார். 2010 மார்ச்சில் ஹூலியா காலமானார், அதே வருஷம் அக்டோபரில் யோசாவுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

நாவல் எழுதியிருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அது இல்லாத உலகம் எனக்கு வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் தன் பக்கத்தைச் சொல்லப் புத்தகம் போடக் கிடைக்குமா? உங்கள் அக்காவிடம் பேனா இல்லை தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போங்கள். கதையை நியாயப்படுத்திப் பேசாதீர்கள். எந்த வரி வலித்தது என்று மட்டும் கேட்டு, சொல்வதை முழுக்கக் கேளுங்கள். கதை தொகுப்பாக வரும்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள். நல்ல கதை என்றால் ஒரு வரி போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: பெட்ரோ ஏன் அல்பேனியர்களையே திட்டிக்கொண்டிருக்கிறார்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நாவலில் அவர் பெட்ரோ கமாச்சோ, பொலிவியர், திட்டுவது அர்ஜென்டினாக்காரர்களை. தென் அமெரிக்க வாசகருக்கு அது தெருச்சண்டை மாதிரி உடனே புரியும். கதையை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றியபோது அல்பேனியர்கள் ஆக்கிவிட்டார்கள். படத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இது. எங்கோ இருக்கிற சிறிய இனத்தைச் சிரிப்புக்காக அடிப்பதில் என்ன அழகு?

கேள்வி: படத்தில் பாட்டு உண்டா?
(வாசகி, சேலம்)

பதில்: நம் படம் மாதிரி இல்லை. ஆனால் இசை விண்டன் மார்சாலிஸ். டிரம்பெட் மேதை, நியூ ஆர்லியன்ஸிலேயே பிறந்தவர். ஊரின் ஜாஸ் வாசனை படம் நெடுக வீசும். ஷெர்லி ஹார்ன், ஜானி ஆடம்ஸ் பாடியவை இசைத்தட்டில் இருக்கின்றன. ராத்திரி வேலையெல்லாம் முடித்து விளக்கைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவை விடுங்கோ. எங்கட இலங்கை வானொலி நாடகம் ஒன்று படமாகவே வந்ததே, ‘கோமாளிகள்’, தெரியுமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தெரியாமல் என்ன! ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற பெயரில் வானொலியில் வந்து, 1976-ல் திரைக்குப் போனது. எழுதியவர் எஸ். ராம்தாஸ். ஆளுக்கொரு பேச்சு வழக்கோடு நான்கு பாத்திரங்கள். ரேடியோவில் உடையும் இல்லை, முகமும் இல்லை, பேச்சை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். அதை அவர்கள் எவ்வளவு அழகாகச் செய்தார்கள் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயர் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை பிரியவே இல்லை. அந்த ஒலிநாடாக்கள் உங்கள் பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து ஆசிரியர் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும்.