கட்டமைப்புள்ள எடிட்டரில், அதாவது எழுதுவதைப் பத்தி, தலைப்பு, பட்டியல் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் எடிட்டரில், என்டர் தட்டினால் என்ன நடக்க வேண்டும்?

கர்சர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணப் பத்தி என்றால் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிய வேண்டும். தலைப்பின் கடைசியில் தட்டினால் அடுத்து வருவது இன்னொரு தலைப்பு அல்ல, சாதாரணப் பத்தி, வேர்டிலும் அப்படித்தான். நிரல் (கோட்) பகுதிக்குள் வெறும் புதிய வரி போதும்.

சிக்கலே பட்டியலில்தான். எழுத்து உள்ள உருப்படியில் தட்டினால், சரி, புதிய உருப்படி. காலியான உருப்படியில் தட்டினால்? இன்னொரு காலிப் புள்ளி யாருக்கு வேண்டும்? ஒரு படி வெளியே வர வேண்டும்: உள்பட்டியலிலிருந்து முதலில் மேல்பட்டியலுக்கு, அப்புறம்தான் பத்திக்கு. மேற்கோள் பெட்டிக்கும் இதே முறைதான். இப்படிப்பட்ட எடிட்டர்களை உருவாக்க உதவும் புரோஸ்மிரர் (ProseMirror) என்ற நிரல் நூலகம், கர்சர் இருப்பது நிரல் பகுதியா, காலிப் பத்தியா என்றெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, எதுவும் பொருந்தாதபோதுதான் பத்தியைப் பிரிக்கிறது.

ஷிப்ட்டோடு என்டர் தட்டினால் பத்தி உடையாமல் வரி மட்டும் உடையட்டும். முகவரியும் கவிதையும் எழுதுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.